கருணையா, உரிமையா? ஓய்வுக்காலத்தின் கதை

பூவிருந்தவல்லியைக் கடந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே செல்பவர்களுக்குத் திருமழிசை இன்று தொழிற்பேட்டையாகவும் மனைப்பிரிவு விளம்பரங்களாகவும்தான் கண்ணில் படுகிறது. 2020-ஆம் ஆண்டு பெருந்தொற்றின்போது கோயம்பேட்டுக் காய்கறிச் சந்தை சில மாதங்கள் இங்கே இடம்பெயர்ந்திருந்ததைச் சிலர் நினைவில் வைத்திருக்கலாம். தமிழ் படித்தவர்களுக்கோ இது திருமழிசையாழ்வாரின் ஊர். நான்முகன் திருவந்தாதியும் திருச்சந்த விருத்தமும் தந்தவர் அவர்.

இந்த ஆழ்வாரைப் பற்றிக் குருபரம்பரை நூல்கள் சொல்லும் கதைகளில் ஒரு செய்தி திரும்பத் திரும்ப வருவதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அது முதுமை. மூங்கில் தூற்றில் கிடந்த குழந்தையைப் பிள்ளையில்லாத திருவாளனும் பங்கயச்செல்வியும் எடுத்து வளர்க்கிறார்கள். பால் உண்ணாத அந்தக் குழந்தைக்கு ஒரு முதியவர் தம் மனைவியோடு பால் கொண்டுவந்து தருகிறார். குழந்தை உண்டு மிச்சத்தைத் தர, அதை அருந்திய முதிய தம்பதியர் இளமை பெறுகிறார்கள். அவர்களுக்குப் பிறந்தவன்தான் கணிகண்ணன். பிறகு காஞ்சியில் ஆழ்வாருக்குத் தொண்டு செய்த ஒரு மூதாட்டியும் இளமை அடைகிறாள். பல்லவ மன்னன் அவளை மணக்கிறான். பின் தனக்கும் அந்த வரம் வேண்டுமென்று கேட்கிறான். கணிகண்ணன் மறுக்க, அவனை நாடு கடத்துகிறான். ஆழ்வாரும் உடன் புறப்பட, அவர் சொற்கேட்டுப் பெருமாளும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின்னே போகிறார்.

பக்தியின் பெருமையைச் சொல்லும் கதை இது. ஆனால் அதன் அடியில் ஓர் அச்சமும் இருக்கிறது. உழைத்த உடம்பு தளர்ந்தபின் யார் சோறு போடுவார்? பால் கொண்டுவந்த முதியவருக்கு அதற்கு விடையாகக் கிடைத்தது திரும்பிய இளமையும் ஒரு மகனும். மன்னனுக்கோ அரசே கையிலிருந்தும் அந்த விடை கிட்டவில்லை. அற்புதம் நிகழாத காலத்தில் வாழ்கிற நாம் அதே கேள்விக்குப் பென்சன், பி.எஃப்., கிராஜுவிட்டி என்று விடை தேடிக்கொண்டிருக்கிறோம். அந்தத் தேடலின் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிசிராந்தையாரின் பட்டியல்

இத்தனை ஆண்டுகள் ஆகியும் நரையில்லாமல் இருப்பது எப்படி என்று கேட்டவர்களுக்குப் பிசிராந்தையார் சொன்ன விடை புறநானூற்றில் இருக்கிறது. மாண்புடைய மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், தன் கருத்தறிந்து நடக்கும் ஏவலர், அல்லவை செய்யாது காக்கும் வேந்தன், இவை அனைத்துக்கும் மேலாகத் தன் ஊரில் வாழும் சான்றோர். வகுப்பில் இப்பாடலை நடத்தும்போது குடும்பத்தின் சிறப்பையும் சான்றோரின் பெருமையையும் விரித்துப் பேசுகிறோம். நடுவில் நிற்கும் வேந்தனைச் சீக்கிரம் கடந்துவிடுகிறோம். அமைதியான முதுமைக்கு வீடு, அரசு, ஊர் ஆகிய மூன்றும் வேண்டும் என்பதை அந்தப் புலவர் அறிந்திருந்தார். ஒன்று குறைந்தால் மற்ற இரண்டின்மேல் பாரம் ஏறும். பின்வரும் வரலாறு முழுவதும் இந்தப் பாரம் ஒருவர் தோளிலிருந்து இன்னொருவர் தோளுக்கு மாறிய கதைதான்.

சோழர் காலத்தில் ஊழியத்துக்கு ஈடாக நிலமோ நெல்லோ கிடைத்தது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்டிர் நானூற்றுவர்க்கும் ஆளுக்கொரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் பங்காக வழங்கப்பட்டன. அவர்கள் இறந்தாலோ வெளியூர் சென்றாலோ அடுத்த உறவினர் அந்தப் பங்கைப் பெற்றுப் பணியைச் செய்ய வேண்டும் என்று கல்வெட்டு வகுக்கிறது. போரில் இறந்தவரின் குடும்பத்துக்கு உதிரப்பட்டி என்று நிலம் அளிக்கும் வழக்கமும் இருந்தது. இவை ஓய்வூதியம் ஆகா. வருவாய் வேலையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வேலை வீட்டுக்குள்ளேயே கைமாறியதால் முதியவர்க்குச் சோறும் அந்த வீட்டுக்குள்ளேயே கிடைத்தது. வேலை வேறு, வீடு வேறு என்று பிரிந்த நாளில்தான் ஓய்வு என்பது ஒரு தனிச் சிக்கலாக உருவெடுத்தது.

கும்பினியார் காலம்

அந்தப் பிரிவினை இங்கே பட்டாளத்தோடு வந்தது. பூவிருந்தவல்லி கும்பினியாரின் பாசறை ஊர். உடல் நலிந்த ஐரோப்பியச் சிப்பாய்கள் தங்கித் தேறிய இடமும்கூட. கும்பினிப் படையில் முடமானவர்களுக்காகவும் இறந்தவர்களின் கைம்பெண்களுக்காகவும் 1770-ஆம் ஆண்டு ஒரு நிதி ஏற்பட்டது. வங்காள நவாப் மீர் ஜாபர் தமக்கு எழுதிவைத்த ஐந்து இலட்சம் ரூபாயை இராபர்ட் கிளைவ் இதற்கு மூலதனமாக அளித்தார். இந்தியப் பணத்தில் தொடங்கிய இந்நிதியின் முடிவு இன்னும் வியப்பானது. 1858-இல் கும்பினி ஆட்சி முடிந்தபின், நிதியின் நோக்கம் அற்றுப்போயிற்று என்று கிளைவின் வாரிசுகள் வழக்காடி மூலதனத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

1871-ஆம் ஆண்டின் பென்சன் சட்டம் அரசின் மனப்பாங்கைத் தெளிவாகக் காட்டுகிறது. அரசு தரும் பென்சன் குறித்த வழக்குகளைச் சிவில் நீதிமன்றங்கள் தம் விருப்பில் ஏற்பதை அது தடுத்தது. கொடுப்பது அரசின் கருணை. கருணையைக் கேட்டு எவரும் வழக்குப் போட முடியாது. பணியில் இருக்கும் வரை அடக்கம், பணி முடிந்தபின் நன்றி என்ற அந்த மனநிலை நம் அலுவலகங்களிலிருந்து இன்றும் முழுமையாக நீங்கவில்லை.

பென்சன் இல்லாத நடுத்தர வகுப்பினர் தமக்குள் ஏற்பாடு செய்துகொண்டார்கள். 1872-இல் தொடங்கிய மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்டு அவ்வகையில் பழமையானது. மாதச் சேமிப்பும் நகைக்கடனும் அதன் அடிப்படை. 1882-இல் அஞ்சலகச் சேமிப்பு வங்கி வந்தது. ஆனாலும் வெள்ளைக்காரக் கம்பெனியின் பெயருக்கு இருந்த மதிப்பு வேறு. சென்னையில் பெரும்புகழோடு விளங்கிய அர்பத்நாட் கம்பெனியில் ஓய்வுபெற்ற அலுவலர்களும் கைம்பெண்களும் சிறுசேமிப்பாளர்களும் வாழ்நாள் பணத்தைப் போட்டுவைத்திருந்தார்கள். 1906 அக்டோபர் 22 அன்று அது கதவடைத்தது. சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது. பணம் போட்டவர்களுக்கு முதலின் ஒரு பகுதிதான் மிஞ்சியது. அந்தக் கொந்தளிப்பிலிருந்து வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோரின் முயற்சியால் 1907-இல் இந்தியன் வங்கி பிறந்தது.

அர்பத்நாட் கதையைப் பழங்கதை என்று ஒதுக்க இயலாது. 1990-களில் சென்னையில் அதிக வட்டி தருவதாகச் சொன்ன நிதி நிறுவனங்கள் வரிசையாகச் சரிந்தன. தமிழக அரசு 1997-இல் முதலீட்டாளர் நலப் பாதுகாப்புக்கெனத் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. அதற்குப் பின்னும், 2022-ஆம் ஆண்டிலும்கூட, மாதந்தோறும் நம்பமுடியாத வட்டி என்ற விளம்பரத்துக்கு முன் மக்கள் வரிசையில் நின்றார்கள். ஓய்வுபெறும் நாளில் வாழ்க்கையிலேயே முதன்முறையாகப் பெருந்தொகை ஒன்று மொத்தமாகக் கைக்கு வருகிறது. அதைக் கையாளும் பழக்கம் அதுவரை அவருக்கு இருந்ததில்லை. நிறுவனங்களின் பெயர் மாறினாலும் ஏமாற்றத்துக்கான இந்தச் சூழல் மாறுவதில்லை.

ஆவடி, அம்பத்தூர், திருமழிசை

1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரசு மாநாடு சமதர்ம பாணிச் சமுதாயத்தை இலட்சியமாக அறிவித்தது. அதே ஆவடியில் 1961-இல் கனரக வாகனத் தொழிற்சாலை உருவாயிற்று. 1965 டிசம்பரில் முதல் விஜயந்தா பீரங்கி வண்டி அங்கிருந்து வெளிவந்தது. அம்பத்தூரில் 1949 முதலே டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலை இருந்தது. 1960-களில் அங்கே பெரிய தொழிற்பேட்டை எழுந்தது. திருமழிசையிலும் பிறகு சிட்கோ தொழிற்பேட்டை வந்தது. சில கல் தொலைவுக்குள் அமைந்த இந்த ஊர்களில் மூன்று வகை முதுமைகள் உருவாயின.

முதலாவது, ஆவடியின் முதுமை. கனரக வாகனத் தொழிற்சாலையில் 2004-க்கு முன் சேர்ந்தவர் மத்திய அரசு ஊழியர். ஓய்வின்போது சம்பளத்தில் பாதி, அதன்மேல் விலைவாசியோடு ஏறும் அகவிலைப்படி, அவருக்குப் பின் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம். 2021 அக்டோபர் 1 அன்று படைக்கலத் தொழிற்சாலைகள் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது, ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்ட ஏ.வி.என்.எல். என்ற நிறுவனத்தின்கீழ் இத்தொழிற்சாலை சென்றது. அப்போது தொழிலாளர்களிடையே எழுந்த கலக்கத்துக்குச் சம்பளத்தைவிட ஓய்வுக்காலப் பாதுகாப்பே பெரிய காரணம்.

இரண்டாவது, அம்பத்தூரின் முதுமை. 1952-ஆம் ஆண்டின் தொழிலாளர் சேமநல நிதிச் சட்டம் தொடக்கத்தில் ஆறு தொழில்களுக்கு மட்டும் பொருந்தியது. பொறியியல் பொருள்களும் நெசவும் அவற்றுள் அடங்கும். சம்பளத்தில் 6¼ விழுக்காடு பிடித்தம். பிற்காலத்தில் அது 12 விழுக்காடாக உயர்ந்தது. 1995 நவம்பர் 16 முதல் முதலாளியின் பங்கில் 8.33 விழுக்காடு ஓய்வூதியத் திட்டத்துக்குத் திருப்பப்பட்டது. இதன் கணக்கைத் தொழிலாளர் பலர் ஓய்வுபெறும் ஆண்டில்தான் முதன்முதலாக அறிகிறார்கள். ஓய்வூதியத்துக்குரிய சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். சம்பளம் எவ்வளவு உயர்ந்தாலும் 2014 செப்டம்பரில் வகுத்த 15,000 ரூபாய்தான் பொதுவான உச்சவரம்பு. 33 ஆண்டுப் பணியோடு சலுகையாக 2 ஆண்டுகள் சேர்த்து 35 என்று கொண்டால், கிடைப்பது மாதம் 7,500. 2014-க்கு முந்தைய பணிக்காலத்துக்குப் பழைய வரம்பான 6,500-ஐயே கொள்வதால் கைக்கு வருவது அதனினும் குறைவு. குறைந்த அளவாக 1,000 ரூபாய் என்று 2014-இல் அறிவித்ததைப் பெரிய வெற்றியாகக் கொண்டாட நேர்ந்தது. இதற்கு அகவிலைப்படி கிடையாது. விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறினால் 12 ஆண்டுகளில் அந்தப் பணத்தின் மதிப்பு பாதியாகிவிடும். 58 வயதில் ஓய்வுபெற்றவர் 70 வயதில் பாதி ஓய்வூதியத்தோடு வாழ்கிறார் என்பதே பொருள். மருந்துச் செலவோ அந்த வயதில்தான் இரட்டிப்பாகிறது.

மூன்றாவது, சம்பளச் சீட்டே காணாதவர்களின் முதுமை. செம்பரம்பாக்கம் ஏரிப் பாசனத்தை நம்பி நாற்று நட்டவர்கள், செங்கல் சுமந்தவர்கள், தெருவில் கீரை விற்றவர்கள், பேட்டைகளில் ஒப்பந்தக்காரர் மாற மாற இடம் மாறிய தினக்கூலிகள். தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962 ஏப்ரலில் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. 2011-இல் 1,000 ஆகி 2023-இல் 1,200 ஆயிற்று. மைய அரசின் பங்கு 60 முதல் 79 வயது வரை 200 ரூபாய், 80 ஆனால் 500 ரூபாய் என்று பல்லாண்டுகளாக நின்றுவிட்டது. ஓ.ஏ.பி. பணம் என்று மக்கள் சொல்லும் இத்தொகை ஒரு மூதாட்டிக்கு வெற்றிலை பாக்குக்கும் மாத்திரைக்கும் ஆகலாம். ஆயினும் அதன் மதிப்பை ரூபாயில் மட்டும் அளக்கக் கூடாது. பேரப்பிள்ளையின் கையில் பத்து ரூபாய் வைக்கும் பாட்டிக்கு வீட்டில் கிடைக்கும் இடம் வேறு.

1982-உம் 2003-உம்

பென்சன் கருணையா உரிமையா என்ற வழக்கு சுதந்திர இந்தியாவில் மெல்ல நகர்ந்தது. தேவகிநந்தன் பிரசாத் வழக்கில் 1971-இலேயே உச்ச நீதிமன்றம் அதை உரிமை என்றது. 1979-இல் மைய அரசு ஓய்வூதியக் கணக்கைத் தாராளமாக்கியபோது, குறிப்பிட்ட நாளுக்குப் பின் ஓய்வுபெறுவோருக்கு மட்டும் என்று கோடு கிழித்தது. 1972-இல் ஓய்வுபெற்ற பாதுகாப்புக் கணக்குத் துறை அதிகாரி டி.எஸ். நகாரா வழக்குத் தொடுத்தார். 1982 டிசம்பர் 17 அன்று நீதிபதி டி.ஏ. தேசாய் எழுதிய தீர்ப்பு அந்தக் கோட்டை அழித்தது. ஓய்வூதியம் முதலாளி மனமிரங்கித் தரும் கொடையன்று, செய்த பணிக்கு உரிய பேறு, முதியவர் மானத்தோடு வாழ்வதற்கான சமூகப் பாதுகாப்பு என்பதே அதன் சாரம். டிசம்பர் 17 ஓய்வூதியர் நாளாக நாடெங்கும் கொண்டாடப்படுவது இதனால்தான்.

கோட்டை அழித்து இருபது ஆண்டுகள் கடந்த சில மாதங்களில் புதிய கோடு விழுந்தது. தமிழக அரசு 2003 ஏப்ரல் 1 முதலும் மைய அரசு 2004 ஜனவரி 1 முதலும் பணியில் சேர்வோருக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை என்றன. அவ்வாண்டு ஜூலையில் பறிக்கப்பட்ட சலுகைகளுக்காகத் தமிழக அரசு ஊழியரும் ஆசிரியரும் வேலைநிறுத்தம் செய்தனர். ஏறத்தாழ 1,70,000 பேர் ஒரேயடியாகப் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். ஆகஸ்டு 6 அன்று உச்ச நீதிமன்றம், வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு உரிமையில்லை என்று சொல்லி, வருத்தம் தெரிவித்து எழுதிக்கொடுத்தால் பெரும்பாலோரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள வழிசெய்தது.

எங்களைப் போல அதற்குப் பின் கல்லூரிப் பணிக்கு வந்தோர் இந்த நாளைத் தலையெழுத்துப்போல் சுமக்கிறோம். ஒரே துறையில், ஒரே பாடத்தை, அடுத்தடுத்த நாற்காலியில் அமர்ந்து நடத்தும் இருவரில் ஒருவருக்குப் பென்சன் உண்டு. இன்னொருவருக்குப் பிடித்தக் கணக்கு எண்தான் உண்டு. மைய ஓய்வூதிய ஒழுங்காற்று ஆணையத்தின் ஏற்பாட்டில் தமிழகம் இணையவில்லை. ஓய்வுபெற்றோருக்கும் இறந்தோர் குடும்பத்துக்கும் சேர்ந்த தொகை மொத்தமாக வழங்கப்பட்டது, மாத வருவாய் இல்லை. மைய அரசு 2025 ஏப்ரல் 1 முதல் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தைக் கொண்டுவந்து, 25 ஆண்டு பணியாற்றியோருக்கு அடிப்படைச் சம்பளச் சராசரியில் பாதியை உறுதி செய்தது. தமிழக அரசும் 2026 ஜனவரியில், ஊழியரின் 10 விழுக்காட்டுப் பங்களிப்போடு கடைசிச் சம்பளத்தில் பாதியை உறுதி செய்யும் திட்டத்தை அறிவித்தது. இருபது ஆண்டுப் போராட்டம் கருணைக்கும் உரிமைக்கும் இடையே ஒரு நடுவழியைக் கண்டிருக்கிறது என்று கொள்ளலாம். அம்பத்தூர்ப் பட்டறைத் தொழிலாளிக்கும் கீரைக்காரப் பாட்டிக்கும் இந்த நடுவழியில் இடமில்லை என்பதையும் நாம் மறக்கலாகாது.

வீடும் ஊரும்

தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டிய முதியவர் முன் இன்று மூன்று முடிவுகள் நிற்கின்றன. அவற்றைப் பற்றிப் பேசுவது இலக்கியத்துக்குப் புறம்பானது என்று நாம் கருதவில்லை. நம் குடும்பக் கதைகளில் பாதி இவற்றில்தான் திருப்பம் கொள்கின்றன.

முதல் முடிவு, மொத்தமாக வரும் பணத்தை என்ன செய்வது என்பது. திருமழிசையைச் சுற்றித் துணைநகரம் வரும் என்று 2011-இல் அறிவித்த நாள்முதல் ஓய்வுப் பணத்தைக் கொண்டுவந்து மனை வாங்குவோர் பெருகினர். மண் பொன்னாகும் என்பது நம் நம்பிக்கை. ஆனால் மனை மாதந்தோறும் அரிசி வாங்கித் தராது. அவசரத்துக்கு விற்கப்போனால் வாங்குபவர் சொல்வதே விலை. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் 2004-இல் வந்தது. 2023-இல் அதன் உச்சவரம்பு 30 இலட்சமாயிற்று. அஞ்சலகத்தில் மூன்று மாதத்துக்கொருமுறை வரும் அந்த வட்டி பெருமை பேச உதவாது, ஆனால் குறித்த நாளில் வரும். ஓராண்டுச் செலவுக்கான பணம் கையெட்டும் தூரத்தில், மருத்துவத்துக்கு ஒரு தனிப் பகுதி, எஞ்சியதில் பெரும்பங்கு உறுதியான வருவாயில், அதன்பின் மிஞ்சினால் மனையும் பிறவும் என்ற வரிசையே நம் பெரியவர்கள் நெல்லைப் பிரித்துவைத்த வரிசை. விதைநெல்லை முதலில் எடுத்துவைத்துவிட்டுத்தான் அவர்கள் விற்பனைக்கு அளந்தார்கள்.

இரண்டாவது, வீட்டை எப்போது எழுதிக்கொடுப்பது என்பது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் இயற்றப்பட்டது. பார்த்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, பார்த்துக்கொள்ளாதபோது திரும்பப் பெற அதன் 23-ஆம் பிரிவு இடமளிக்கிறது. கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் முறையிடலாம். இப்படி ஒரு சட்டம் தேவைப்பட்டது என்பதே பிசிராந்தையாரின் பட்டியலில் முதல் இரண்டு வரிகள் ஆட்டங்கண்டதற்குச் சான்று. அன்பினால் எழுதிக்கொடுக்கும்போதும் அந்த நிபந்தனையைப் பத்திரத்தில் வெளிப்படையாகச் சேர்ப்பதில் குற்றமொன்றும் இல்லை.

மூன்றாவது, பெண்களைப் பற்றியது. நாற்பதாண்டுக் குடும்பத்தில் பாஸ்புத்தகம் எங்கே இருக்கிறது என்பதே தெரியாத மனைவியர் நம் வீடுகளில் ஏராளம். கணவர் மறைந்தபின் வாரிசு நியமனம் எழுதப்படாத கணக்கைத் தேடி, சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகப் படியேறும் மூதாட்டியரை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஒரு மாலைப் பொழுதில் இருவரும் உட்கார்ந்து எழுதிமுடிக்கக்கூடிய பக்கம் அது. எழுதப்படாமல் போனதற்கு மறதி ஒரு காரணம். சாவைப் பற்றிப் பேசுவது அமங்கலம் என்ற எண்ணம் அதனினும் பெரிய காரணம்.

2021-ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி தமிழக மக்கள்தொகையில் 13.6 விழுக்காட்டினர் அறுபது வயதைக் கடந்தவர்கள். கேரளத்துக்கு அடுத்த நிலையில் நாம் இருக்கிறோம். சிறு குடும்பத்தை நாட்டுக்கு முன்மாதிரியாகக் காட்டிய மாநிலம் அதன் மறுபக்கத்தையும் முதலில் காணப்போகிறது. ஒற்றைப் பிள்ளை அயல்நாட்டில் இருக்க, பெற்றோர் இருவரும் மூன்றாவது மாடியில் தனித்திருக்கும் முதுமைக்குப் பணம் மட்டும் போதாது. மின்தூக்கி பழுதான நாளில் மருந்து வாங்கித்தரும் பக்கத்து வீட்டுக்காரர் வேண்டும். நூலகம் நடந்துசெல்லும் தூரத்தில் வேண்டும். பிசிராந்தையார் ஊரைக் கடைசியில் வைத்ததும், எல்லாவற்றுக்கும் மேலாக வைத்ததும் வெறும் யாப்புக்காக இராது.

திருமழிசையில் இப்போதும் ஒத்தாண்டீசுவரர் கோயிலிலும் ஜெகந்நாதப் பெருமாள் கோயிலிலும் மாலை வேளைகளில் முதியவர்கள் கூடுகிறார்கள். ஆவடியில் ஓய்வுபெற்றவர், அம்பத்தூர்ப் பட்டறையில் தேய்ந்தவர், வயலிலேயே கூன் விழுந்தவர் என மூவகையினரும் ஒரே திண்ணையில் அமர்கிறார்கள். ஒரே நெடுஞ்சாலையின் இருபுறமும் ஒரே காலத்தில் உழைத்தவர்கள்தாம். ஒருவரின் முதுமைக்குச் சம்பளத்தில் பாதியும், இன்னொருவரின் முதுமைக்குச் சில ஆயிரமும், மூன்றாமவரின் முதுமைக்கு 1,200 ரூபாயும் என்று நாம் விலை வைத்திருக்கிறோம். நகாரா வழக்கில் அழிக்கப்பட்டது ஒரு தேதிக்கோடு. இந்த மூவருக்கும் இடையே கிடக்கும் கோட்டை அழிக்க இன்னும் ஒரு வழக்கு தொடுக்கப்படவில்லை.